கடல் தண்ணீரில் மருந்தேற்றிய மரத் தூண்கள்: பல வருட அனுபவமும் ஒரு போல்ட் துளையும்

சின்னதாக ஒரு படகுத்துறை கட்டப்போகும் நண்பர், "நீங்கள் போட்ட அதே மரத்தையே நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். என் படகுத்துறையில் நிற்பது சி.சி.ஏ. ஏற்றிய பைன் தூண்கள். கெட்டுப்போன ஒரு தூணை மாற்றி முடித்த சூடு ஆறுவதற்குள் கேட்டதால் பதில் நீண்டுவிட்டது. சி.சி.ஏ. என்பது செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மருந்து, மூடிய உருளைக்குள் மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் ஏற்றுவார்கள் என்பதெல்லாம் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் துளை போடாத தூண்கள் ஒவ்வொன்றும் இன்னமும் கல்லு மாதிரி நிற்கின்றன. ஓதம் நன்றாக இறங்கிய நேரத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது, எங்கேயும் பொத்தென்று கேட்பதில்லை. ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் மரத்தை மேலிருந்து அரித்து அரித்துத் தூணின் சுற்றளவையே குறைத்துவிடும் லிம்னோரியா என்ற பொடி உயிரியின் தடயம்கூட இல்லை. அதே இனத்தில் லிம்னோரியா டிரைபங்டேட்டா என்று ஒன்று உண்டு, வெப்பக் கடல்களில் அது கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய மரத்தையே தின்னும். அதனால்தான் நான் கிரியோசோட் பக்கம் போகவில்லை, அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குத் திருப்திதான்.

ஆனால் மருந்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, அளவைப் பார்க்க வேண்டும். மண்ணில் ஊன்றும் சாதாரணக் கம்பத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து போதும். வெப்பக் கடலுக்குள் நிற்கும் தூணுக்கு அமெரிக்க மரப் பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதி கேட்பது 40 கிலோ. ஆறு மடங்கு! கடையில் பார்த்தால் இரண்டும் பச்சை பூத்த மரம்தான், கண்ணால் வித்தியாசம் சொல்லவே முடியாது. விற்றவர் "எல்லாம் ஒரே மருந்துதான்" என்றார். மருந்து ஒன்றுதான், ஏறிய அளவு ஒன்றல்ல. சான்றிதழில் அந்த எண்ணைக் காட்டினால்தான் பணம் என்று நின்றேன், காட்டினார்.

இந்தச் சி.சி.ஏ.வை 1933இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சோண்டி காமேசம். உலகம் முழுக்கத் துறைமுகங்களைத் தாங்கும் மருந்து ஒரு இந்தியர் கண்டுபிடித்தது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை. ஆர்செனிக் பயத்தில் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இதை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள், கடல் தூண்களுக்குத் தடை வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த, ஆர்செனிக் இல்லாத ஏ.சி.க்யூ. வகைச் செம்பு மருந்துகள் தரையில் நன்றாக வேலை செய்யும், கடல் நீருக்குள் மூழ்கி நிற்கும் வேலைக்கு அந்தத் தரவிதியில் அவற்றுக்கு இடமில்லை.

தூண் உருண்டையா, சதுரமா என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். வைரம் பாய்ந்த மரம்தான் நிற்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், அறுத்த சட்டத்தில் வைரம் தெரிந்தால் மனசு குளிர்ந்துவிடும். பைன் மரத்துக்கு மருந்தேற்றும்போது கதை தலைகீழ். மருந்தைக் குடிப்பது வெளிப்பக்கத்து வெள்ளைதான், நடுவில் உள்ள வைரத்துக்குள் அது சரியாக இறங்காது. உருண்டைத் தூணில் வெள்ளை சுற்றிலும் வளையமாக இருப்பதால் முழுக் கவசம் கிடைக்கிறது. சதுரமாக அறுத்த தூணில் ஏதாவது ஒரு பக்கம் வைரம் வெளியே தெரியும், மரத்தைக் குடையும் கப்பல் புழுவுக்கு அது போதும்.

சரி, இப்போது அந்தத் துளைக்கு வருகிறேன்.

தூண்களுக்கு நடுவே போடும் சாய்வுச் சட்டங்களை ஓதம் ஏறும் மட்டத்துக்கு மேலேயே பொருத்த வேண்டும் என்று வரைபடத்தில் தெளிவாக இருந்தது. கான்ட்ராக்டர், வேலை சுலபம் என்று, தண்ணீர் இறங்கியிருந்த நேரத்தில் கீழேயே ட்ரில் போட்டு போல்ட் அடித்துவிட்டார். கேட்டதற்கு "துளைக்குள் மருந்து பூசிவிட்டோம்" என்றார். உருளைக்குள் அழுத்தத்தில் ஏறிய மருந்தும் பிரஷ்ஷில் தடவிய மருந்தும் எப்படி ஒன்றாகும்? நனைந்த மரத்தில் தடவியது மேலோடு நின்றுவிடும், அதுவும் அலை அடிக்கிற இடத்தில். கவசத்தைத் தாண்டி நேராக நடுமரத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தாயிற்று. கப்பல் புழு என்று சொல்கிறோமே, அது புழுவே இல்லை, சிப்பி இனம். குஞ்சாக வரும்போது குண்டூசித் தலையைவிடச் சின்னது, உள்ளே போனபின் மரத்தைத் தின்றுகொண்டே நீளும். வெளியே வாசல் கடைசிவரை பொடியாகவே இருக்கும் என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

எனக்குத் தெரியவந்தது சட்டம் ஆட ஆரம்பித்தபோதுதான். போல்ட் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து நட்டை முறுக்கினால், முறுக்க முறுக்க வாஷர் மரத்துக்குள்ளேயே இறங்குகிறது! அந்தத் தூணைப் பிடுங்கி அறுத்துப் பார்த்தோம். வெளிவளையம் பச்சை மாறாமல் புதிதாக இருந்தது, நடுவில் சுண்ணாம்பு பூசிய சுரங்கங்கள், கையால் பிய்த்தாலே வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. மருந்து சொன்ன வேலையைச் செய்திருக்கிறது, மரமும் செய்திருக்கிறது, ஒருவர் மிச்சப்படுத்திய அரை நாள் வேலை தூணையே தின்றுவிட்டது. துளை விழுந்த மற்ற தூண்களுக்கு பி.வி.சி. உறை சுற்றிவிட்டேன். உள்ளே தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்தால் இருக்கும் புழுவும் சாகும், ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு சில வாரம் தாக்குப்பிடிக்கக்கூடியது என்பதால் உறை இறுக்கமாக இருக்க வேண்டும். அறுத்த துண்டுகளை எரித்துவிடாதீர்கள், சாம்பலில் ஆர்செனிக் தங்கும்.

மேல்தளத்தைப் பற்றிப் பெரிதாகக் குறையில்லை. சாரல் மட்டும் படும் பலகைக்கு 9.6 கிலோ அளவு போதும். திருகாணிகள் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். செம்பு மருந்து ஏறிய மரத்தில் அலுமினியம் வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.

நண்பரின் இடம் ஆற்று முகத்துவாரம், "உப்பு குறைவு, புழு வராது" என்கிறார். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வடபகுதியிலும் அப்படித்தான் நம்பி மருந்தில்லாத தூண்களை ஊன்றியிருந்தார்கள். 1919 முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் கப்பல் புழு புகுந்து படகுத்துறைகள் வரிசையாகச் சரிந்தன. ஆற்றில் தண்ணீர் குறைகிற வருடம் உப்பு மேலே ஏறும், அப்போது அதுவும் கூடவே வரும்.

ஆக, அதே மரத்தை வாங்கலாமா? மேல்தளத்துக்கு வாங்குங்கள், தண்ணீருக்குள் வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லைதான், பெரும்பாலான தூண்கள் நன்றாகவே நிற்கின்றன. ஆனாலும் அடுத்த முறை நான் நீருக்குள் ஃபைபர் கிளாஸ் தூண்தான் போடுவேன். மரத்தின் காவல் முழுக்க அந்த வெளிவளையத்தில்தான் இருக்கிறது, அதில் யாரும் என்றைக்கும் ட்ரில் வைக்காமல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இல்லை, மரம்தான் என்று முடிவு செய்தால், துளைகளை மருந்தேற்றுவதற்கு முன்பே போட்டு வாங்குங்கள், அப்புறம் சட்டம் பொருத்தும் நாளில் வேறு எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள்.