சினிமாவில் சேர்க்கிறோம் என்று வன்னிக்குள் காசு வாங்கித் திரிகிறார்கள், கவனம்

நான் விசுவமடுப் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பியை நடிகனாக்குகிறோம் என்று சொல்லி நாலு தவணையாக ஒரு இலட்சத்து 88 ஆயிரம் ரூபா வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் பெரிய பங்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த காசு. தம்பியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் வேண்டாம் என்றான். இரண்டு நாள் கழித்து அவனே வந்து, "எழுதுங்கோ அக்கா, வேற பெடியள் மாட்டக் கூடாது" என்றான்.

தம்பிக்கு 22 வயது, மேசன் வேலைக்குப் போகிறான். 2009இல் போரில் இடம்பெயர்ந்து நாங்கள் மெனிக்பாம் அகதி முகாமுக்குள் போனபோது அவனுக்கு ஆறு வயது. தண்ணி வரிசையில் நிற்கிற ஆட்கள் எப்படிக் கதைக்கிறார்கள், எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று செய்துகாட்டிக் கூடாரத்தில் இருந்தவர்களை எல்லாம் சிரிக்க வைப்பான். சிரிக்க ஒன்றுமே இல்லாத நாட்கள் அவை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கோயிலில் கோவலன் கூத்து ஆடியபோது அவனுக்குத்தான் கோவலன் வேஷம். சிலம்போடு மதுரைக்குப் புறப்படுகிற இடத்தில் அவன் பாடியதைக் கேட்டு, களரிக்கு முன்னால் இருந்த கிழவிமார் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அதை யாரோ ஃபோனில் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள்.

அந்த வீடியோவைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். "வன்னி மண்ணின் முகங்களைத் தேடுகிறோம், சென்னையில் உருவாகும் படத்துக்கும் தொடர் நாடகத்துக்கும் புதுமுகங்கள் தேவை" என்று ஒரு விளம்பரம். தம்பி பெயரைக் கொடுத்ததும் மறுநாளே வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அவன் வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். "அக்கா, தம்பியோட கூத்து வீடியோ பார்த்தோம்க்கா. கேமராவுக்குன்னே பொறந்த முகம்" என்று இந்தியத் தமிழில் ஒருவர் கதைத்தார். மரியாதையான குரல். முதல் அழைப்பில் காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மாவுக்கு சுகமா என்றுகூடக் கேட்டார்.

பிறகு வந்த அழைப்புகளில் எல்லாம் நடிகர்களின் கதைதான். லொஸ்லியா கிளிநொச்சியில் பிறந்தவர், அவரால் முடிந்தால் உங்கள் தம்பியால் ஏன் முடியாது என்றார். எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர், ரஜினி பஸ் கொண்டக்டர், விஜய் சேதுபதி டுபாயில் கணக்குப் பார்த்தவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க, மேசன் வேலை செய்கிற என் தம்பியும் அந்த வரிசையில் அடுத்து நிற்கிறான் என்று எனக்கே தோன்றியது. அவர் சொன்ன கதை ஒன்றுகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

முதலில் பதிவுக் கட்டணம் என்று 5,000. அது பெரிய தொகை இல்லை, வங்கியில் போட்டோம். கிளிநொச்சியில் ஒரு விடுதி அறையில் தெரிவு நடந்தது. பத்து நிமிடம்தான். அழு என்றார்களாம், சிரி என்றார்களாம், தெரிவாகிவிட்டாய் என்று கை கொடுத்தார்களாம். அடுத்தது படத் தொகுப்பு. சென்னை இயக்குநர்களுக்குக் காட்டுவதற்கு ஆறு உடுப்பில் எடுத்த படங்கள் வேண்டும், அதற்கு 28,000. இந்த முறை வேறு பெயரில் வேறு கணக்கு. ஏன் என்று கேட்டேன். அது படப்பிடிப்பாளரின் கணக்கு என்றார். சரி என்று விட்டேன். அந்த இடத்தில் நான் விட்டிருக்கக் கூடாது.

மூன்றாவது, வவுனியாவில் மூன்று நாள் நடிப்புப் பட்டறை. 45,000, கையில் காசாகத் தர வேண்டும். கடைசி நாள் பெற்றோரும் வரலாம் என்றதால் நானும் போனேன். கலியாண மண்டபம் ஒன்றின் மேல்மாடி. எண்ணிப் பார்த்தேன், 31 பிள்ளைகள். மல்லாவி, ஒட்டுசுட்டான், பரந்தன், மன்னார்ப் பக்கம் என்று எல்லா இடத்தில் இருந்தும் வந்திருந்தார்கள். கழுத்தில் துணி சுற்றிய ஒருவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, வட்ட விளக்குக்கு முன்னால் நிறுத்தி, "உங்க அம்மா செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கோ" என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு அதை நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்காலில் தாயைப் பறிகொடுத்த ஒரு பெட்டை அன்று அந்த விளக்குக்கு முன்னால் நின்று விம்மி விம்மி அழுதாள். அவர் கை தட்டினார். "உன் கண் பேசுது" என்றார். என் தம்பிக்கும் அதையே சொன்னார். எல்லாருக்கும் அதே சொல்தான்.

அன்று ஒன்று நடந்தது, அப்போது அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. இடைவேளையில் நான் படியில் நின்றேன். சென்னையில் இருந்து வந்ததாகச் சொன்ன அந்த ஆளுக்கு ஃபோன் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து, "என்னடாப்பா, வானுக்கு டீசல் அடிச்சிட்டியோ? பின்னேரத்துக்கிடையில வெளிக்கிட வேணும்" என்றார். அசல் எங்கடை பேச்சு. என்னைக் கண்டதும் "என்னக்கா, டீ சாப்டீங்களா" என்று மாற்றிக்கொண்டார். நீங்கள் ஒருவரோடு கதைக்கும்போது பேச்சு இப்படி இடையில் மாறினால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

கடைசித் தவணைதான் பெரியது. நடிகர் சங்க அட்டைக்கும் இந்திய விசாவுக்கும் என்று 110,000. ஒரு வாரத்துக்குள் கட்டாவிட்டால் வேஷம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். மூன்றாவது கணக்கு, மூன்றாவது பெயர். ஆங்கிலத்தில் நாலு பக்க ஒப்பந்தம் ஒன்றில் தம்பி கையெழுத்து வைத்தான். தம்பியின் படம் ஒட்டிய பளபளப்பான அட்டை ஒன்று தபாலில் வந்தது. அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்து அம்மா விபூதி பூசினா.

பயணம் என்று சொன்ன திகதிக்கு மூன்று நாள் முன்னம் இலக்கம் வேலை செய்யவில்லை. வட்ஸ்அப் குழுவில் நிர்வாகி மட்டும்தான் எழுத முடியும் என்று முதலே வைத்திருந்ததால், எங்களுக்குள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் வழி இருக்கவில்லை. பேஸ்புக் பக்கம் பெயர் மாறி உடுப்புக் கடை விளம்பரமாகக் கிடக்கிறது. ஒப்பந்தத்தை எங்கள் பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளை, இதில படம் எண்டோ நடிப்பு வேலை எண்டோ ஒரு சொல்லும் இல்லை. பயிற்சிச் சேவைக்குக் காசு கட்டினம், திருப்பிக் கேட்கமாட்டம் எண்டுதான் இருக்கு" என்றார். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வைக்கிறதுக்கு முன் ஊரில் ஒரு ஆசிரியரிடமாவது காட்டுங்கள். ஒரு மணித்தியாலம் போகும், அவ்வளவுதான்.

விசா விஷயத்தையும் விசாரித்தேன். அவர்கள் எடுத்துத் தருவதாகச் சொன்னது சுற்றுலா விசா. அதில் போய் இந்தியாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. நடிப்பும் வேலைதான். அந்த அட்டையும் அப்படித்தான். சென்னையில் நடிகர் சங்கம் 1952இல் இருந்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் வவுனியாவில் ஒரு தரகரிடம் காசு கட்டி அதில் சேர முடியாது.

அதற்குப் பிறகு நித்திரை வராத இரவுகளில், ஃபோனில் கதைத்த ஆள் சொன்ன நடிகர்களின் கதைகளை நானே தேடி வாசித்தேன். எம்.ஜி.ஆர். சின்ன வயதிலேயே நாடகக் கொம்பனியில் சேர்ந்தவர். முதல் படம் 1936இல், சின்ன வேஷம். கதாநாயகனாக வந்தது 1947இல். பதினொரு வருடம். ரஜினி சென்னையில் நடிப்புப் பள்ளியில் படித்தார், கட்டணம் கட்டித்தான் படித்தார், கூட வேலை செய்த நண்பர் காசு கொடுத்து உதவினார். ஆனால் அது ஊரறிந்த பள்ளிக்கூடம். அங்கே அவரைக் கண்ட பாலசந்தர் 1975இல் சின்ன வேஷம் ஒன்று கொடுத்தார், அதற்கு அவரிடம் காசு வாங்கவில்லை. விஜய் சேதுபதி டுபாயில் இருந்து வந்து கூத்துப்பட்டறையில் கணக்கெழுதத்தான் சேர்ந்தார். ந. முத்துசாமி 1977இல் தெருக்கூத்தை மனதில் வைத்துத் தொடங்கிய நாடகக் குழு அது. அங்கே மற்றவர்கள் நடிக்கிறதைப் பார்த்துப் பழகி, கூட்டத்தில் ஒருவராக, கதாநாயகனின் நண்பராக வருடக்கணக்கில் வந்துபோய், 2010இல்தான் கதாநாயகன் ஆனார். லொஸ்லியாவும் திடீரென்று வந்தவர் இல்லை. கொழும்பில் சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்துப் பழகியவர், 2019இல் பிக்பொஸ், அதற்குப் பிறகு படம். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி நடித்த பிரெஞ்சுப் படத்துக்கு 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது கிடைத்தது. அதற்கு முன் எத்தனையோ வருடம் அவர் எழுதிக்கொண்டிருந்தவர்.

இந்தப் பாதி எல்லாவற்றையும் மறைத்து, கொண்டக்டர் சூப்பர்ஸ்டார் ஆனார் என்ற பாதியை மட்டும் எங்களுக்குக் காட்டினார்கள். இதில் யாரும் வேஷத்துக்குக் காசு கட்டியவர் இல்லை. படம் எடுக்கிறவர்தான் நடிக்கிறவருக்குக் காசு கொடுக்கிறார். கூட்டத்தில் நிற்கிற துணை நடிகருக்குக்கூட அன்றன்றைய சம்பளமும் சாப்பாடும் உண்டு. முதல் தெரிவுக்கு இப்போது பல இடங்களில் வீட்டில் ஃபோனில் எடுத்த ஒரு சின்ன வீடியோவே போதும். பயிற்சிக்குக் கட்டணம் கேட்பது வேறு, ஆனால் அப்படிக் கேட்கிறவர் கூடவே வேஷமும் நிச்சயம் என்றால் நம்பாதீர்கள்.

தம்பிக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டியவர். நாலு மாதம் இரவிரவாக அவனுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தவர், வெற்றிலை பாக்கைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. முற்றத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேஷம் கட்டுறவனிட்டக் காசு கேட்ட அண்ணாவியை ஆர் பிள்ளை கண்டது? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார். ஏன் கேட்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சினிமா வேறு, கூத்து வேறு என்று நினைத்துவிட்டோம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று. பட்டறைக்கு வந்த பெட்டைகள் சிலரை இரவில் தனியாக வீடியோவில் வரச்சொல்லி, உடுப்புப் பார்க்க வேண்டும் என்று படங்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு தாய்மார் என்னிடம் அழுதுகொண்டு சொன்னார்கள். பயத்தில் பிள்ளைகள் வீட்டில் வாய் திறக்கவில்லை. உங்கள் பிள்ளை இப்படி எங்கேயாவது பதிந்திருந்தால் ஏசாமல், அடிக்காமல் கேளுங்கள். படம் அனுப்பியிருந்தாலும் அது அவளின் குற்றம் இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள், பெரிய பிள்ளை என்றால் பெண்கள் உதவி இலக்கமான 1938. வெளிநாட்டில் வேலை என்று யாராவது காசு கேட்டால் அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்துக் கேட்கலாம். இந்த இலக்கம் அப்போது எனக்குத் தெரியாது.

பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வைப்புச் சிட்டை மூன்றும், வட்ஸ்அப் குரல் பதிவுகளும், ஒப்பந்தமும் கையில் இருந்ததால் எழுதி எடுத்தார்கள். கையில் கொடுத்த 45,000க்கு மட்டும் ஒரு துண்டும் இல்லை. பட்டறைக்கு வந்த 31 பேரில் இதுவரை ஒன்பது குடும்பத்தைத்தான் தேடிப் பிடித்திருக்கிறேன். வெட்கத்தில் சிலர் நாங்கள் கட்டவே இல்லை என்கிறார்கள். நீங்கள் தனியாள் இல்லை. தயவுசெய்து சிட்டைகளை எறியாதீர்கள், அழைப்புப் பதிவுகளை அழிக்காதீர்கள். உள்பெட்டியில் வந்தால் முறைப்பாட்டு இலக்கம் தருகிறேன், அதோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

போன கிழமை முழங்காவில் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி விளம்பரம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தா. கொம்பனிப் பெயர் வேறு, இலக்கம் வேறு. அடுத்த தெரிவு மன்னாரிலாம். பின்னால் போட்டிருக்கிற படத்தில் வவுனியா மண்டபத்தின் மேல்மாடியில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், இடமிருந்து நாலாவது என் தம்பி. மன்னாரில் உள்ளவர்கள் அந்தப் படத்தைக் கண்டால் திகதியையும் இடத்தையும் உடனே எனக்கு அனுப்புங்கள்.