நகப்பூச்சு மருந்து, கீட்டோகோனசோல், மினாக்சிடில், பயோட்டின்: எது எந்தக் கோளாறுக்கு உதவும்?

நகம் மஞ்சளித்தால் பூஞ்சைக்கான நகப்பூச்சு, தலை அரித்தால் மருந்து ஷாம்பு, முடி கொட்டினால் மினாக்சிடில், கூடவே எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு பயோட்டின் மாத்திரை. முடி, நகப் பிரச்சினைகளுக்குப் பெரும்பாலானோர் தாங்களாகவே கையிலெடுப்பது இந்த நான்கையும்தான். இவற்றில் முதல் மூன்றும் நல்ல மருந்துகள். ஆனாலும் ‘மாதக்கணக்கில் போட்டும் பயனில்லை’ என்ற புலம்பல் ஓயவில்லை. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றுக்குப் போடப்படுவதும், சரியான மருந்தே ஆனாலும் பாதியில் நிறுத்தப்படுவதும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதலில் அமோரால்ஃபின் 5% நகப்பூச்சு. நகப்பூஞ்சை பெரும்பாலும் கால் பெருவிரலில், நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ தொடங்கும். அந்த இடம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறும். நகத்துக்கு அடியில் பொடிப்பொடியாகத் தூள் சேரும், நகம் தடித்துச் சதையிலிருந்து தூக்கும். பக்கத்திலேயே விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஆனால் உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதியில்தான் உண்மையில் பூஞ்சை இருக்கிறது. மீதிப் பாதிக்குக் காரணம் இறுக்கமான காலணியின் ஓயாத அழுத்தமாகவோ சொரியாசிஸ் என்ற தோல் நோயாகவோ வேறொன்றாகவோ இருக்கும். கைநகங்கள் பலவற்றில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் குழிகளும், நகத்தடியில் எண்ணெய்ச் சொட்டு போன்ற செம்மஞ்சள் திட்டும் தெரிந்தால் சொரியாசிஸை நினைக்க வேண்டும். பச்சை நிறம் பெரும்பாலும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் வேலை. இவை எதற்கும் இந்தப் பூச்சு உதவாது. நகத்தின் நீளவாக்கில் ஒரே விரலில் கருங்கோடு புதிதாகத் தோன்றினாலோ, அகன்றாலோ, அதன் கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினாலோ எதையும் பூசிப் பார்க்கக் கூடாது. அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம், உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை இருக்கிறது. நகத்தின் வெட்டுத்துண்டையும் அடியில் சேர்ந்த தூளையும் எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வளர்ப்புச் சோதனையும் செய்வார்கள். பூச்சு போடத் தொடங்கிய பிறகு எடுத்த மாதிரி பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம். அதனால் சோதனை முதலில், மருந்து பிறகு.

இனி பூசும் முறை. தளர்ந்து நிற்கும் நகத்தை வெட்டிவிட்டு, மேற்பரப்பை, குறிப்பாகப் பாதித்த பகுதியை, உடன் வரும் அரத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். சோம்பலில் பலர் தாண்டிவிடும் படி இதுதான். தேய்க்காத நகத்தில் பழைய பூச்சும் தடித்த அடுக்கும் அப்படியே நிற்பதால் மருந்து உள்ளே இறங்குவதில்லை. அடுத்து ஆல்கஹால் பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கையும் முந்தைய பூச்சையும் நீக்குங்கள். பிறகு சிறு கரண்டியால் நகம் முழுவதும் மெல்லிய படலமாகப் பூசி 3 முதல் 5 நிமிடம் காயவிடுங்கள். கரண்டியை ஒவ்வொரு நகத்துக்கும் புதிதாக மருந்தில் தோய்க்க வேண்டும், புட்டியின் வாயில் வழிக்கக் கூடாது. நோயுற்ற நகத்தில் பட்ட அரம் நல்ல நகத்தில் படவே கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, அல்லது மருத்துவர் சொன்னால் இருமுறை போதும். கரைப்பான் ஆவியானதும் நகத்தின் மேல் தங்கும் படலத்திலிருந்து மருந்து நாள்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதால் தினமும் பூச வேண்டியதில்லை. சைக்ளோபிராக்ஸ் 8% பூச்சின் முறை வேறு: அதைத் தினமும் பூசி, வாரத்துக்கு ஒருநாள் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும்.

எவ்வளவு காலம்? கைநகத்துக்கு 6 மாதம், கால்நகத்துக்கு 9 முதல் 12 மாதம். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கால் பெருவிரல் நகம் அதில் பாதிகூட வளர்வதில்லை. கெட்ட பகுதி தானாக நல்லதாக மாறாது. அடியிலிருந்து தெளிந்த நகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். மூன்றாம் மாதத்தில் முனையைப் பார்த்து ஏமாறாமல், அடிப்பகுதியில் புதிதாக வரும் நகம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பூச்சின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு நகங்களில், நுனிப்பக்கம் மட்டும் பாதித்திருந்தால் நிச்சயம் முயன்று பார்க்கத் தக்கது. நகத்தின் பாதிக்கு மேல் பரவிவிட்டாலோ, அடியிலுள்ள வெண்பிறை வரை எட்டிவிட்டாலோ பூச்சு மட்டும் போதாது. சைக்ளோபிராக்ஸின் இரண்டு பெரிய ஆய்வுகளில் 48 வாரத்துக்குப் பிறகு முழுக் குணம் கண்டவர்கள் 5.5 சதவீதமும் 8.5 சதவீதமும்தான். கால்நகத்துக்கு தினம் 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் உட்கொள்ளும் டெர்பினாஃபின் மாத்திரையில் அது 38 சதவீதம். மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும். எந்த வழியில் போனாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணையும் சேர்த்துக் குணப்படுத்தாவிட்டால் பூஞ்சை அங்கிருந்தே நகத்துக்குத் திரும்பும்.

கீட்டோகோனசோல் 2% ஷாம்புவைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பொடுகும் அதன் முற்றிய வடிவமான செபோரிக் டெர்மடைட்டிஸும் மலசீசியா என்ற ஈஸ்ட்டோடு தொடர்புடையவை. மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான செதில், அரிப்பு, புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவப்பு ஆகியவை அடையாளம். வாரம் இருமுறை, 2 முதல் 4 வாரம். முடியில் அல்ல, தலைத்தோலில் பட வேண்டும். நுரைத்தபின் 3 முதல் 5 நிமிடம் விட்டுவிட்டு அலச வேண்டும். சாதாரண ஷாம்புபோல் உடனே அலசிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்களே அதிகம். அடங்கிய பிறகும் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை தொடராவிட்டால் பொடுகு திரும்பும், ஏனென்றால் அந்த ஈஸ்ட் தோலில் எப்போதும் குடியிருப்பதுதான். தோலெண்ணெய்தான் அதன் உணவு. பொடுகுள்ள தலையில் எண்ணெயை ஊறவைப்பது நிலைமையை மோசமாக்கலாம்.

வெள்ளிபோல் மினுங்கும் தடித்த செதில், முடிவரம்பைத் தாண்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னும் தெளிவான விளிம்போடு இறங்கினால் அது சொரியாசிஸாக இருக்கலாம். குழந்தையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்து கரும்புள்ளிகள் தெரிந்து, கழுத்தில் நெறியும் கட்டினால் தலைப்படர்தாமரை. அதற்கு வாய்வழி மருந்து கட்டாயம், ஷாம்பு தொற்றுப் பரவலைக் குறைக்க மட்டுமே உதவும். தாமதித்தால் தழும்பு விழுந்து அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

மினாக்சிடில் 5% பரம்பரை வழுக்கைக்கானது. ஆண்களுக்கு நெற்றியோரங்கள் ஏறும், உச்சியில் முடி மெலியும், பெண்களுக்கு நடுவகிடு அகலும். ஆண்களுக்குத் திரவமானால் ஒருமுறைக்கு 1 மில்லி, நாளுக்கு இருமுறை, உலர்ந்த தலைத்தோலில். பெண்களுக்கான அளவு வேறு, நுரை வடிவமானால் நாளுக்கு ஒருமுறை. முதல் சில வாரங்களில் கொட்டுதல் அதிகரிக்கலாம். ஓய்வுநிலையிலிருந்த முடிகள் புதிய முடிக்கு இடம்விட்டு விழுவதுதான் அது. இங்கே பயந்து நிறுத்தினால் பலன் கிடைக்காது, குறைந்தது 4 மாதமாவது வேண்டும். பலன் கிடைத்தபின் நிறுத்தினாலும் சில மாதங்களில் பழைய நிலைதான். அரிப்பும் சிவப்பும் வந்தால் திரவத்திலுள்ள புரோப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம், அது இல்லாத நுரைக்கு மாறிப் பாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை, தலையணையில் ஒட்டிய மருந்தை நக்கினால்கூட அதற்கு விஷமாகும்.

வழவழப்பான வட்டத் திட்டாக முடி உதிர்வது புழுவெட்டு. அதற்கு முதலில் தருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சைக்கு 2, 3 மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது வேறு, அது பெரும்பாலும் சுமார் 6 மாதத்தில் தானே அடங்கும். இதற்கு நகமே சாட்சி சொல்வதுண்டு. உடல் கடுமையாக நலிந்தபோது நக வளர்ச்சி தடைப்பட்டுக் குறுக்கே ஒரு பள்ளம் விழும். கைநகத்தின் அடித்தோலிலிருந்து அந்தப் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதோ அதை மூன்றால் வகுத்தால், எத்தனை மாதங்களுக்கு முன் நோய் தாக்கியது என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

பயோட்டினைப் பரிந்துரைக்க முடியவில்லை. ஒருவருக்கு நாளுக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம், சாதாரண உணவிலேயே கிடைத்துவிடும். ஆனால் முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கெடுதலுக்கோ ஆதாரம் உண்டு: அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளைத் திசைதிருப்புகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். முடி கொட்டுகிறது என்று போகிறவருக்கு மருத்துவர் முதலில் எழுதும் தைராய்டு சோதனையும் இதனால் தவறாகலாம், இல்லாத தைராய்டு மிகைப்பு இருப்பதாகக் காட்டும். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், சாப்பிட்ட அளவை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.