வே கழிவில் எரிபொருள்: ஈஸ்ட்டா, ஈ.கோலியா, கிளாஸ்ட்ரிடியமா?

ஒரு கிலோ சீஸ் செய்தால் ஏறக்குறைய 9 லிட்டர் தெளிநீர் மிஞ்சும், அதுதான் வே (whey). ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் வே புரோட்டீன் இதிலிருந்துதான் வருகிறது. புரதத்தைப் பிரித்த பிறகும் கிட்டத்தட்ட 5 சதவீதம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, அதில் இருக்கும். அப்படியே ஆற்றில் விட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். இந்தச் சர்க்கரையை எரிபொருளாக்க மூன்று நுண்ணுயிர்கள் போட்டியில் நிற்கின்றன.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டுக்கு லாக்டோஸ் ஆகாது. அதற்கு உறவான குளூவெரோமைசிஸ் மார்க்சியானஸ், மரபணு மாற்றம் ஏதும் இல்லாமலேயே லாக்டோஸை எத்தனால் என்ற ஆல்கஹாலாக்கிவிடும். அயர்லாந்தின் கார்க் பகுதியில் கார்பெரி நிறுவனம் 1978 முதல் வேயிலிருந்து எத்தனால் எடுத்துவருகிறது.

குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலியின் கதை இன்னும் சுவாரசியமானது. கள் புளிப்பதிலும் பங்குள்ள ஸைமோமோனாஸ் பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை, புளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்ராம் குழு அதற்குள் சேர்த்தது. ஒன்று, சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை அசிட்டால்டிஹைடாக்கும், மற்றது அதை எத்தனாலாக்கும். வழக்கமாக அமிலங்களையே அதிகம் கழிக்கும் ஈ.கோலி எத்தனால் கொடுக்க ஆரம்பித்தது. 1991இல் அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை இதற்குத்தான் கிடைத்தது. லாக்டோஸ் ஈ.கோலிக்குப் பழகிய உணவு என்பதால் வேயிலும் இது வேலை செய்கிறது.

ஆனால் ஆலை என்று வந்தால் கணக்கு வேறு. ஈஸ்ட் புளிப்பான கரைசலில் வளரும், அங்கே வேண்டாத கிருமிகள் அவ்வளவாகத் தலைகாட்டாது. ஈ.கோலிக்கு நடுநிலையை ஒட்டிய கரைசல் வேண்டும். அது பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசிலஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கும் வசதி, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கும் வசதி. அப்புறம், மிஞ்சும் ஈஸ்ட் மாட்டுத் தீவனமாகும். மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொன்றுவிட்டுத்தான் வெளியேற்ற முடியும்.

மூன்றாவது, கிளாஸ்ட்ரிடியம். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கான அசிட்டோனைத் தந்த பாக்டீரியா இது. அசிட்டோனோடு இது தரும் பியூட்டனால் என்ற ஆல்கஹால் நல்ல எரிபொருள்: லிட்டருக்கு ஏறக்குறைய 29 மெகாஜூல், எத்தனாலுக்கு 21தான். ஸ்காட்லாந்தில் செல்டிக் ரினியூவபிள்ஸ் நிறுவனம் விஸ்கி ஆலைக் கழிவில் இந்த வழியைத்தான் எடுத்தது. சிக்கல் என்னவென்றால், லிட்டருக்குச் சுமார் 13 கிராம் பியூட்டனால் சேர்ந்ததுமே அது பாக்டீரியாவுக்கே விஷமாகிவிடுகிறது. மீதி அத்தனையும் தண்ணீர், அதிலிருந்து பிரிப்பதிலேயே செலவு போய்விடும்.

வே மட்டும்தான் கழிவு என்றால் நான் ஈஸ்ட் பக்கம். இயற்கை ஈஸ்ட் செய்துமுடிக்கும் வேலைக்கு மரபணுப் பொறியியலைக் கூப்பிட வேண்டியதில்லை.

பழச்சாறு ஆலையின் ஆரஞ்சுத் தோல் என்றால் நிலைமை தலைகீழ். அதில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து வரும் காலக்டுரோனிக் அமிலமும் அரபினோஸும் சாதாரண ஈஸ்ட்டுக்குச் செரிக்காது, இங்ராமின் ஈ.கோலி இரண்டையும் எத்தனாலாக்கும். புரதக் கழிவும் அப்படித்தான்: கலிபோர்னியாவில் ஜேம்ஸ் லியாவோ குழு 2011இல், அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜனை நீக்கி ஆல்கஹால் எடுக்கும் ஈ.கோலியை உருவாக்கிக் காட்டியது. ஆய்வுப் பணம் இந்த இரண்டு கழிவுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும்.