டைனிடிராக்3 பிளஸ்: அனுப்ப மட்டுமே தெரிந்த டிராக்கர்

சிம் கார்டு, மாதச் சந்தா எதுவும் இல்லாமல் வண்டி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்ட ஹாம்களுக்கு (பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்களுக்கு) இருக்கும் வழி, பாப் புரூனிங்கா உருவாக்கிய ஏ.பி.ஆர்.எஸ். என்ற முறை. இடம் போன்ற தகவலை இது பேக்கெட் எனும் சிறு தரவுத் துண்டுகளாக ரேடியோவில் அனுப்பும். அமெரிக்காவின் பையோனிக்ஸ் நிறுவனத் தயாரிப்பான டைனிடிராக்3 பிளஸ் இந்த வேலைக்கான பழைய, நம்பகமான பலகை. ஜி.பி.எஸ். தரும் இடத்தை 1200 பாட் ஒலியாக மாற்றி ரேடியோவின் மைக் வழியே அனுப்பும், பி.டி.டி. எனும் பேசும் பொத்தானையும் தானே அழுத்தும். வரும் பேக்கெட்டைப் படிக்கத் தெரியாது.

கிட்டில் இருப்பவை துளையில் செருகிப் பற்றவைக்கும் பாகங்கள்தான். டையோடு, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஆகியவற்றின் திசையை மட்டும் இரண்டு முறை பாருங்கள். அமைப்பைக் கணினியிலிருந்து செய்ய வேண்டும், சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப் என்றால் யு.எஸ்.பி.-சீரியல் கேபிளும் வேண்டும். ஜி.பி.எஸ். 4800 பாட் வேகத்தில் என்.எம்.இ.ஏ. (ஜி.பி.எஸ். கருவிகளின் பொதுத் தரவு வடிவம்) தர வேண்டும். புதிய மாட்யூல்கள் பலவும் 9600-ல் வருவதால், வேகத்தை மாற்றாமல் இணைத்துவிட்டு பலகையைக் குறை சொல்பவர்கள் உண்டு.

அமைப்பில் அழைப்புக்குறிக்கு (ஹாமின் அடையாளப் பெயருக்கு) பின் -9 போடுவது வண்டிக்கான வழக்கம். பேக்கெட்டைக் கேட்டு மறுபடி அனுப்பும் நிலையங்கள் டிஜிபீட்டர்கள், எவை வழியே போக வேண்டும் என்று சொல்வது பாதை. பாதைக்கு வைடு1-1, வைடு2-1 போதும். பழைய கையேடுகளில் உள்ள ‘ரிலே, வைடு’ பாதையை இன்றைய டிஜிபீட்டர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதிர்வெண் வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800.

இதன் சிறந்த அம்சம், வேகத்தையும் திருப்பத்தையும் பார்த்து அனுப்பும் இடைவெளியை மாற்றும் ஸ்மார்ட் பீக்கனிங். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலுக்கு மேல் போனால் 2 அல்லது 3 நிமிடத்துக்கு ஒன்று, நிறுத்தியிருந்தால் அரை மணிக்கு ஒன்று, சுமார் 30 டிகிரி திரும்பினால் உடனே ஒன்று என்று அமைக்கலாம். வளைவுகள் வரைபடத்தில் சாலையை ஒட்டியே விழும். நின்ற வண்டியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு பேக்கெட் அனுப்பினால் ஊரே பகிரும் சேனலை அடைப்பதுதான் மிச்சம். மைக்-ஈ எனும் சுருக்க வடிவத்தைத் தேர்ந்தால் பேக்கெட்டும் சுருங்கும்.

தகராறு செய்வது பெரும்பாலும் ஒலி அளவு. டீவியேஷன் (ஒலிக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவு) 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். அளவை அதிகமாக வைத்தால் ரேடியோவின் லிமிட்டர் அலையை வெட்டி, 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகளின் சமநிலையைக் குலைத்துவிடும். காதுக்குக் கணீரென்று கேட்கும், டிஜிபீட்டர் படிக்காது. மீட்டர் இல்லையென்றால் இன்னொரு ரேடியோவில் கேட்டபடி பலகையில் ஒலி அளவை மாற்றும் டிரிம்மரைத் திருப்புங்கள். ஒலி மேலும் கூடாத இடம் வந்ததும் நன்றாகக் குறையும்வரை பின்னுக்கு வாருங்கள். பேக்கெட்டின் தொடக்கம் வெட்டுப்பட்டால், பி.டி.டி. அழுத்திய பின் காத்திருக்கும் நேரமான டி.எக்ஸ். டிலேயை 300-லிருந்து 500 மில்லிவினாடிக்கு ஏற்றுங்கள். கைரேடியோவில் பேட்டரி சேவரையும், ஒலி கேட்டதும் தானே அனுப்பத் தொடங்கும் வாக்ஸையும் அணைத்துவிடுங்கள்.

ரேடியோவில் வெற்று இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் திறந்திருந்தால் அந்த இரைச்சலைக் கேட்டு ‘சேனலில் யாரோ பேசுகிறார்கள்’ என்று நினைத்து, பலகை அனுப்பாமல் காத்துக்கொண்டே இருக்கும். அதனால் ‘சேனலில் ஆள் இருக்கிறது’ என்று காட்டும் சி.டி. விளக்கு அணையாமல் எரிந்தால் முதலில் ஸ்கெல்ச்சை மூடுங்கள். 50 வாட் ரேடியோவில் அனுப்பும் நொடியில் ஜி.பி.எஸ். தன் இடத்தைக் கணிக்க முடியாமல் போகிறதா? ஆன்டெனாவிலிருந்து அதைத் தள்ளி வையுங்கள், கேபிளில் குறுக்கீட்டை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

உங்கள் பேக்கெட் யாருக்காவது எட்டியதா என்று இந்தப் பலகை சொல்லாது, aprs.fi இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் அது எரிச்சலூட்டும். வண்டியின் இடத்தைக் காட்டினால் போதும், கூடவே ஒரு பழைய 2 மீட்டர் ரேடியோ சும்மா கிடக்கிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். செய்தி வாங்கவும், மற்ற வண்டிகளைப் பார்க்கவும் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் டைனிடிராக்4-க்குப் போங்கள். அது பேக்கெட்டைப் படிக்கும், கிஸ் எனும் தரவு முறையில் கணினியோடும் பேசும்.