டியூப்லெஸ் டயர்: சில வருடம் ஓட்டித் தேய்த்தபிறகு எழுதுவது

சைக்கிளில் டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே டியூப் இல்லாத டயருக்கு, மாறிவிட்டால் பஞ்சரே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பஞ்சர் ஆகத்தான் செய்யும். பெரும்பாலும் அது நமக்குத் தெரிய வராது, அவ்வளவுதான். என் மவுன்டன் பைக்கில் முதல் ஜோடி டியூப்லெஸ் டயர் தேய்ந்து கழற்றியபோது, பின் டயரின் உள்பக்கம் முழுக்க முள் முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பஞ்சர். அவற்றில் ஒன்றுக்காகக்கூட நான் வழியில் நின்றதாக நினைவில்லை.

வண்டி ஒரு அலுமினிய ஹார்ட்டெயில். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், 2.35 அங்குல அகல டயர். கல்லும் வேரும் முள்ளும் நிறைந்த தடங்களில்தான் அதிகம் ஓடுகிறது. நடுநடுவே தார்ச் சாலையும் உண்டு. நான் பந்தயக்காரன் இல்லை. அதனால் இங்கே எழுதுவது சராசரி ஓட்டுநரின் கணக்கு.

மோட்டார் பைக்கும் காரும் எப்போதோ டியூப்லெஸ் ஆகிவிட்டன, சைக்கிளில் மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு என்று பலர் கேட்பதுண்டு. கார் டயர் தடிமனானது, காற்று கசியாத ரப்பர்ப் படலம் உள்ளேயே இருக்கிறது, ரிம்மில் ஓட்டை கிடையாது. சைக்கிளில் இதெல்லாம் தலைகீழ். ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஒரு துளை, டயரோ எடை குறைய வேண்டும் என்பதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்டது. 1999-இல் மாவிக், மிச்சலின், ஹட்சின்சன் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து யுஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தபோது, உள்தளத்தில் ஸ்போக் துளையே இல்லாத ரிம்மையும் அதற்கென்றே தனி டயரையும் செய்தார்கள். நன்றாக வேலை செய்தது, ஆனால் கனம். 2001-இல் ஸ்டான் கோசியாடெக் தொடங்கிய நோடியூப்ஸ் வேறு வழியில் போனது: சாதாரண ரிம்மின் துளைகளை டேப்பால் மூடு, வால்வைப் பொருத்து, டயருக்குள் லேடெக்ஸ் திரவத்தை ஊற்று, மீதியை அது பார்த்துக்கொள்ளும். இன்று பெரும்பாலோர் ஓட்டுவது இந்த இரண்டாவது வழியின் வாரிசைத்தான். அந்தத் திரவம்தான் சீலன்ட். துளை வழியாகக் காற்று சீறும்போது லேடெக்ஸ் துகள்கள் அங்கே போய் அடைத்து, உறைந்து, மூடிவிடுகின்றன.

சரி, பஞ்சர் விஷயம் இருக்கட்டும். டியூப்லெஸ்ஸின் நிஜமான லாபம் காற்றழுத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

டியூப் இருந்த காலத்தில் பின்சக்கரத்தில் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போக எனக்குத் தைரியம் வந்ததில்லை. குறைத்தால் கூர்மையான கல்லில் மோதும்போது டயர் நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் மாட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். டியூபே இல்லை என்றால் அந்தக் கடிக்கு ஆள் இல்லை. இப்போது முன்னால் 20, பின்னால் 23 அல்லது 24. எண்ணில் சின்ன மாற்றம்தான், தடத்தில் அது வேறு வண்டி. கல்லின் மேல் துள்ளி எழும்பாமல் டயர் அதன்மேல் படிந்து போகிறது. ஈரமான வேரில் முன்சக்கரம் வழுக்கும் அந்தப் பயம் பாதியாகக் குறைந்தது. செங்குத்து ஏற்றத்தில் பெடலை மிதித்தால் பின்சக்கரம் வெறுமனே சுழல்வதும் குறைவு.

அழுத்தம் குறைந்தால் வேகம் போய்விடும் என்று பயந்தேன். வழவழப்பான தார்ச் சாலையில் அது ஓரளவு உண்மைதான். கரடுமுரடான தரையில் கதை வேறு. கடினமான டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் நம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, அந்தத் தூக்கலுக்குச் செலவாவது நம் கால்பலம். மெத்தென்ற டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஹார்ட்டெயில்காரர்களுக்கு இந்த வித்தியாசம் இடுப்பிலேயே தெரியும்.

ஒரு நல்ல அழுத்தமானியை மட்டும் வாங்கிவிடுங்கள். தரையில் நிற்கும் பம்புகளில் இருக்கும் முள் கடிகாரம் பெரும்பாலும் சாலை சைக்கிளின் உயர் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது; 20-க்கும் 25-க்கும் நடுவே அதை நம்ப முடியாது. இந்த அழுத்தத்தில் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம்கூடக் கைப்பிடியில் தெரியும்.

இனி கஷ்டங்கள். முதலாவது, பொருத்துவது. டயரின் விளிம்பு ரிம்மின் இருக்கையில் போய் அமர ஒரே மூச்சில் நிறைய காற்று வேண்டும். சில டயர் சாதாரணப் பம்புக்கே 'டப் டப்' என்று உட்கார்ந்துவிடும். சில டயர் என்ன அடித்தாலும் பக்கவாட்டில் காற்றைத் துப்பிக்கொண்டே இருக்கும். வால்வின் உள்கருவைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் போகும்; விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும்; முதலில் டியூப் போட்டு ஒரு பக்க விளிம்பை உட்காரவைத்து, மறுபக்கம் மட்டும் திறந்து டியூபை உருவிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது எதுவும் பலிக்காத டயருக்குக் காற்றைத் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிடும் தொட்டி உள்ள பம்பு தேவை. ஒன்று சொல்ல வேண்டும்: ரிம் டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டாவிட்டால் மற்ற எல்லா வேலையும் வீண். இரண்டு நாளில் காற்று இறங்கிவிடுகிறது என்று சீலன்ட்டைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி டேப்தான்.

இரண்டாவது, சீலன்ட்டின் பராமரிப்பு. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. அந்தத் திரவம் நிரந்தரமானது அல்ல, உலர்ந்துகொண்டே இருக்கிறது. குளிர்ந்த, ஈரமான இடத்தில் ஆறு மாதம்கூடத் தாங்கும். வெயிலும் சூடும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்தது நமக்குத் தெரியாது, டயர் கடினமாகவே நிற்கும். அடுத்த முள் குத்தும்போதுதான் உள்ளே ஈரமே இல்லை என்ற செய்தி வரும். நான் செய்வது எளிது. மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குவேன். தளதளவென்று சத்தம் கேட்டால் சரி. கேட்காவிட்டால் வால்வுக் கருவைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்திவிடுவேன். 29 அங்குலத்தில் இந்த அகல டயருக்கு 90 முதல் 120 மில்லி வரை தேவைப்படும். டப்பாவை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், துகள்கள் எல்லாம் அடியில்தான் படிந்து கிடக்கும்.

வால்வு அடைத்துக்கொள்வதும் வழக்கம். கருவைச் சுற்றி லேடெக்ஸ் உறைந்து, காற்றடித்தால் போகாது, அழுத்தினால் வராது. கருவை மாற்றுவதுதான் தீர்வு. உதிரிக் கரு ஒன்றிரண்டு எப்போதும் என் பையில் கிடக்கும். டயரைக் கழற்றினால் உள்ளே ரப்பர்ப் பந்து மாதிரி ஒன்று உருண்டுகொண்டிருக்கும், சமயத்தில் கடற்பஞ்சு மாதிரி கிளைவிட்டிருக்கும். பயப்பட வேண்டாம், உறைந்த சீலன்ட்தான், தூக்கிப்போடுங்கள். அப்புறம், வழியில் காற்று நிரப்பக் கார்பன் டை ஆக்ஸைடு குப்பி கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: அந்த வாயு பட்டால் பல லேடெக்ஸ் சீலன்ட்கள் பால் திரிவதுபோலத் திரிந்துவிடும். வால்வை மேல்பக்கம் திருப்பி, திரவம் கீழே வடியச் சற்றுப் பொறுத்து அடித்தால் சேதம் குறையும். அவசரம் இல்லாத எனக்குக் கைப்பம்பே போதும்.

சீலன்ட்டின் எல்லை எங்கே என்பதும் ஓட்ட ஓட்டத்தான் புரியும். முள், சின்ன ஆணி, சில மில்லிமீட்டர் துளை வரை அது ராஜா. டயரின் பக்கச் சுவரைக் கல் கிழித்தால் கைவிரித்துவிடும். உலகத்தின் தலைசிறந்த மெக்கானிக்குகள் பின்னால் நின்றாலும் இதுதான் நிலை. அதற்கு முன் ஒலிம்பிக் மவுன்டன் பைக்கில் இரண்டு முறை தங்கம் வென்றிருந்த ஜூலியன் அப்சலோன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆரம்பத்திலேயே பஞ்சராகிப் பாதியில் விலகினார். 2016 ரியோவில் சாலைப் பந்தய உலகச் சாம்பியன் பீட்டர் சகான் மவுன்டன் பைக்கில் இறங்கி, பின்வரிசையிலிருந்து சரசரவென்று முன்னேறிப் பார்ப்பவர்களை வாய் பிளக்க வைத்தார். பஞ்சர் அவரை 35-ஆவது இடத்துக்குத் தள்ளியது.

மறுபக்கம் 2024 பாரிஸ் ஒலிம்பிக். மவுன்டன் பைக் பந்தயத்தில் பிரிட்டனின் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் நடுவில் காற்றிறங்கியது. குறுக்குநாட்டுப் பந்தயத்தில் சக்கரத்தைக் குறிப்பிட்ட உதவி மண்டலத்தில்தான் மாற்ற முடியும். அதுவரை இறங்கிய டயரோடு உருட்டி வந்து மாற்றினார். அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொருவராகப் பிடித்துக் கடைசிச் சுற்றில் விக்டர் கொரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கினார். அந்தப் பந்தயத்தைப் பார்த்து டியூப்லெஸ்ஸால் பயனில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். முன்னணி ஓட்டுநர்கள் எடைக்காக மெல்லிய டயரை, எல்லை தொடும் அளவு குறைந்த அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். பஞ்சர் அவர்கள் தெரிந்தே ஏற்கும் அபாயம். நமக்கு அந்த அவசியம் என்ன?

மலையிலிருந்து இறங்கும் டவுன்ஹில் பந்தயக்காரர்களுக்கு உதவி மண்டலமும் கிடையாது. 2014-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஏரன் குவின் டயர் போன பிறகும் நிறுத்தாமல் ரிம்மிலேயே அடிவாரம் வரை வந்தார். அடுத்த வருடம் அதே லியோகாங்கில் புறப்பட்டவுடன் சங்கிலி அறுந்தது. மிதிக்காமலே இறங்கி அந்தப் பந்தயத்தை வென்றுவிட்டார். எங்கள் கூட்டத்தில் டயர் பெரிசா சங்கிலி பெரிசா என்ற விவாதம் வந்தால் இந்த இரண்டையும் யாராவது இழுத்துவிடுவார்கள்.

சாதாரண ஓட்டுநருக்குப் பெரிய ஓட்டைக்கான முதல் மருந்து பிளக். ஒட்டும் ரப்பர் பூசிய திரியை ஊசியில் கோத்துத் துளைக்குள் குத்தி, ஊசியை மட்டும் உருவுவது. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், சீலன்ட் திரியைச் சுற்றி உறைந்து பிடித்துக்கொள்ளும். அப்படிக் குத்திய திரியோடு டயர் தேயும் வரை ஓட்டியிருக்கிறேன். அதுவும் பலிக்காவிட்டால் டியூப்தான். ஆமாம், டியூப்லெஸ்காரனும் ஒரு டியூபைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். டியூபைப் போடுமுன் டயரின் உள்பக்கத்தைக் கையுறை அல்லது துணியால் தடவி, இருக்கிற முள் முனைகளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். சீலன்ட் இத்தனை நாள் மறைத்துவைத்திருந்த முட்கள் புது டியூபுக்காகக் காத்திருக்கும். சீலன்ட் கைமுழுக்க அப்பிக்கொள்வது கூடுதல் பரிசு. அது துணியில் பட்டு உலர்ந்தால் போகாது.

டயருக்குள் வைக்கும் நுரை வளையத்தையும் சில காலம் பின்சக்கரத்தில் முயன்றேன். ரிம்மைக் காப்பாற்றுகிறது, உண்மை. ஆனால் எடை ஏறுகிறது, டயர் மாற்றுவது மல்யுத்தமாகிறது. என் வேகத்துக்கு அது அதிகம் என்று எடுத்துவிட்டேன். பெரிய பாறைகளில் வேகமாக இறங்குகிறவர்கள் வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

சாலை சைக்கிளில் நான் இன்னும் டியூபில்தான் இருக்கிறேன். அங்கே அழுத்தம் அதிகம். துளை மூடுமுன் சீலன்ட் சாலையெங்கும் பீய்ச்சியடித்துவிடுகிறது. டயரைப் பிடித்துவைக்கும் விளிம்புக் கொக்கி இல்லாத ரிம் பற்றிய சண்டையும் அங்கேதான். 2024-இல் யுஏஇ டூர் சாலைப் பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் என்ற ஓட்டுநர் விழுந்தபோது டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தது. அத்தகைய ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், ஏறக்குறைய 72 பிஎஸ்ஐ. மவுன்டன் பைக்கில் நாம் அதன் பக்கத்திலேயே போவதில்லை என்பதால் இங்கே அந்தக் கவலை வேண்டாம்.

மாதக்கணக்கில் சைக்கிளைத் தொடாமல் நிறுத்தி வைக்கிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடாத டயரில் சீலன்ட் ஒரே இடத்தில் தேங்கி உலரும், எடுக்கும்போது முதல் வேலையே சுத்தம் செய்வதாக இருக்கும். வாரம் ஒருமுறையாவது தடத்தில் இறங்குகிறவர்கள் தாராளமாக மாறலாம். என் பின் டயர் மறுபடி தேய்ந்துவிட்டது. இம்முறை பக்கச் சுவர் தடித்த, கொஞ்சம் கனமான கேசிங் (டயரின் உடல்) உள்ளதைப் போடப்போகிறேன். முன்னால் பழைய மெல்லியதே போதும், கல் மோதுவது பெரும்பாலும் பின்னால்தான்.