பீனியா கச்சா கிளிசரின் டிரம்: ஈஸ்ட்டுக்குப் போடலாமா?

பழைய சமையல் எண்ணெயில் பயோடீசல் எடுக்கும் பெங்களூரு பீனியா பக்கத்துச் சிறு யூனிட்டில் 200 லிட்டர் டிரம்மாக வாங்கும் கச்சா கிளிசரின் பற்றிய விமர்சனம் இது. 100 கிலோ பயோடீசலுக்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் வந்தே தீரும். யூனிட்காரருக்கு அது தலைவலி, புரதம் செய்ய வளர்க்கும் பிக்கியா ஈஸ்ட்டுக்கு அதுவே சாப்பாடு. பெங்களூரு மருந்து நிறுவனம் பயோகான் 2004-இல் கொண்டுவந்த இன்சுலின்கூடப் பிக்கியாவில் செய்ததுதான். ஆனால் மருந்துக்கு இந்த டிரம்மை நினைக்கவே வேண்டாம். கோழித்தீவன ஃபைடேஸ் மாதிரி என்சைம் செய்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

விலையை விசாரிக்கும் முன், எண்ணெயைப் பயோடீசலாக்கப் போட்ட கேட்டலிஸ்ட் (வினையூக்கி) காஸ்டிக் சோடாவா, காஸ்டிக் பொட்டாஷா என்று கேளுங்கள். சோடா என்றால் சோடியம் உப்பு ஃபெர்மென்டருக்குள் (ஈஸ்ட் வளர்க்கும் தொட்டி) சேர்ந்து ஈஸ்ட்டின் வளர்ச்சியை மந்தமாக்கும். பொட்டாஷ் என்றால் பாஸ்பாரிக் ஆசிட் ஊற்றியதும் பொட்டாசியம் பாஸ்பேட் ஆகிறது. ஈஸ்ட் வளரும் கரைசலான மீடியத்துக்கு எப்படியும் வேண்டிய உப்பு அது. இந்த யூனிட்டில் இரண்டும் ஓடுகின்றன, டிரம்மில் எது என்று எழுதுவதில்லை. இதற்கே ஒரு நட்சத்திரம் போச்சு.

உள்ளே இருப்பது கரும்பழுப்புக் குழம்பு. கிளிசரினோடு மெத்தனால், சோப்பு, தண்ணீர், உப்பு எல்லாம் உண்டு. டிசம்பர் காலையில் சோப்பு உறைந்து பம்ப் இழுக்காது, லேசாகச் சூடாக்கி எடுங்கள். அப்படியே மீடியத்தில் ஊற்றினால் சோப்பு நுரைத்துத் தள்ளும். நுரையை அடக்க ஆன்டிஃபோம் கொட்டினால் ஆக்சிஜன் கரைவது குறையும், ஈஸ்ட் மூச்சு முட்டும்.

அதனால் முதல் வேலை சோப்பை உடைப்பது. 85% பாஸ்பாரிக் ஆசிட்டை மெல்லக் கலக்கிக்கொண்டே விட்டு, பிஹெச் 3-க்குக் கீழே இறக்கி, இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். மேலே கொழுப்பு அமிலம், நடுவில் கிளிசரின், அடியில் உப்பு என்று பிரியும். மெத்தனாலை இதற்கு முன்பே ஓட்டிவிடாதீர்கள். அது இருந்தால்தான் குழம்பு இளகி அடுக்குகள் சீக்கிரம் பிரியும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மலிவுதான், ஆனால் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தைக் குழி குழியாக அரிக்கும்.

நடு அடுக்கை மட்டும் எடுத்து, தீப்பொறி இல்லாத ஃபியூம் ஹுட்டில் சூடாக்கி மெத்தனாலை ஓட்டுங்கள். அதன் கொதிநிலை 64.7 டிகிரி, கிளிசரினோடு சேர்ந்திருப்பதால் கடைசித் துளிகள் வேக்குவம் இல்லாமல் போகாது. மெத்தனால் வாடையோடு ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கலம்) வைப்பது ஆபத்து. கிளிசரின் அளவை ஹெச்பிஎல்சி-யில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) பாருங்கள். உப்பும் மெத்தனாலும் ஒளிவிலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஏமாற்றிவிடும்.

வழக்கமான உப்பு மீடியத்தில் லிட்டருக்கு 40 கிராம் கிளிசரின், 26.7 மில்லி பாஸ்பாரிக் ஆசிட். சோப்பு உடைத்தபோது உள்ளே தங்கிய பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அம்மோனியா விட்டு பிஹெச்சை 5-க்கு ஏற்றும்போது மீடியம் கலங்கி வண்டல் இறங்கும். வெப்பம் 30 டிகிரி, 32-ஐத் தாண்டினால் புரத உற்பத்தி அடிபடும்.

கேப் (GAP) புரோமோட்டர், அதாவது ஜீனை எப்போதும் இயங்க வைக்கும் சுவிட்ச், வைத்த ஈஸ்ட் கிளிசரினிலேயே புரதம் சுரக்கும், ஆகவே இந்தச் சரக்கு அதற்குத்தான் பொருத்தம். மெத்தனாலில் விழித்துக்கொள்ளும் ஏஓஎக்ஸ்1 (AOX1) புரோமோட்டர் என்றால் இந்தக் கிளிசரினை பேட்ச் கட்டத்தோடு, அதாவது ஃபீட் தொடங்கும் முன் நடக்கும் முதல் வளர்ப்போடு, நிறுத்துங்கள். கிளிசரின் தீர்ந்ததைக் காட்டும் கரைந்த ஆக்சிஜன் ஏற்றம், மிச்ச மெத்தனாலும் கொழுப்பு அமிலமும் இருந்தால் கூர்மையாக எழாமல் போகலாம். ஃபீட் எப்போது தொடங்குவது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். ஃபெட்-பேட்சின் (கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி வளர்க்கும் கட்டம்) 50% கிளிசரின் ஃபீடுக்கு இரு வகையிலும் சுத்த கிளிசரினே நல்லது, அழுக்கு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகாது.

5-க்கு 3. பொட்டாஷ் என்று பில்லில் எழுதித் தந்தால் 4. மேல் அடுக்குக் கொழுப்பு அமிலத்தைச் சாக்கடையில் விடாதீர்கள். ஆசிட் எஸ்டரிஃபிகேஷன் வசதி உள்ள யூனிட் அதையும் பயோடீசலாக்கும், காலி டிரம்மோடு திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.