லைட் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: எனக்கு 18,500 ரூபாய் போச்சு

குறும்பட ஷூட் முடிந்து மூன்று நாள் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. குறைந்த செலவில் ஐசியூ அறைக்கு எப்படி லைட் வைப்பது என்று எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதை எழுத உட்கார்ந்தால் கை தானாக இதைத்தான் எழுதுகிறது.

செட் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நண்பன் வீட்டு மாடி அறை, வாடகைக் கட்டில், டிரிப் ஸ்டாண்டு, ஒரு பச்சைத் திரைச்சீலை. ஆஸ்பத்திரி என்றால் வெளிச்சம் மேலிருந்து அறை முழுக்கச் சீராக விழ வேண்டும். சுவர் வெள்ளையாக இருந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நாலு எல்இடி டியூப், இரண்டு பேனல் (தட்டையான பலகை லைட்) போதும் என்று கணக்குப் போட்டு, வாடகைப் பொருள்களுக்கான ஒரு ஆப்பில் தேடி, வடபழனி பக்கம் ஒரு கடையைப் பிடித்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் வினை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "நானும் அசிஸ்டென்ட் கேமராமேனா அலைஞ்சவன்தான் தம்பி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றார். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல், ஃபிளிக்கர் (கேமராவில் தெரியும் மினுக்கல்) வரவே வராது என்று சொல்லி, ஒரு டியூபை எரியவிட்டு என் போனிலேயே எடுத்துப் பார்க்கச் சொன்னார். பளிச்சென்று இருந்தது. வாடகை 4,500, டெபாசிட் 14,000. "ரெண்டு தடவை எதுக்கு தம்பி, மொத்தமா போட்டுடுங்க. குறிப்புல லைட் வாடகைன்னு மட்டும் போடுங்க." போட்டேன். 18,500.

அன்று இரவு நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 172.8 டிகிரி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/50 நொடி வெளிச்சம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது ஒத்துவரும். அப்படியும் மானிட்டரில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. அரைமணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது: வெளிச்சத்தைக் குறைத்தால்தான் பட்டை வருகிறது. மலிவான எல்இடியில் டிம்மர் என்பது விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதுதான். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கடையில் அவர் காட்டியது முழு வெளிச்சத்தில்!

சரி என்று எல்லாவற்றையும் முழுதாக எரியவிட்டு, வெளிச்சம் குறைய முன்னால் பெட்ஷீட் கட்டினோம். அப்புறம் வெளிச்சத்தில் பச்சைச் சாயல். எல்லா லைட்டும் ஒரே பச்சையாக அடித்திருந்தால் கேமராவில் டின்ட்டை (நிறச் சாயலை) பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா பக்கம் தள்ளிச் சரிக்கட்டியிருக்கலாம். டியூப் ஒரு பச்சை, பேனல் வேறு பச்சை. நோயாளி முகம் பச்சையாக இருக்கலாம், பார்க்க வந்த அம்மாவுக்குமா?

போன் செய்தேன். "ஆஸ்பத்திரி சீன்தானே சார், பச்சையா இருந்தாத்தான் ஃபீல் வரும்." ஒரே ராத்திரியில் தம்பி சாராகிவிட்டேன். மறுநாள், கேமராதான் கோளாறு என்றார். திருப்பிக் கொடுக்கப் போனால், டியூபில் கீறலாம். எடுக்கும்போதே இருந்த கீறல் அது. படம் எடுத்து வைக்க எனக்குத்தான் தோன்றவில்லை. கடைசியில், "நீங்களே லைட் வாடகைன்னுதானே போட்டிருக்கீங்க, இதுல டெபாசிட் எங்க சார் இருக்கு?" ஆப்பில் புகார் கொடுத்தேன். அது உங்களுக்கும் கடைக்கும் உள்ள விஷயம் என்று ஒரு வரி பதில். 18,500 ரூபாய் சார்! யூனிட்டுக்குச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணமும் அதற்குள்தான்.

லைட்டிங் குறிப்பெல்லாம் எழுதும் மனநிலையில் இல்லை. அவசரத்துக்கு இது மட்டும்: டெபாசிட்டைத் தனியாக அனுப்புங்கள், 'திருப்பித் தர வேண்டியது' என்று குறிப்பு போட்டு. லைட்டைக் கடையிலேயே, உங்கள் கேமராவில், நன்றாக டிம் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து எரியவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் காட்டிப் பாருங்கள். கீறலை அவர் கண் முன்னாலேயே படம் எடுங்கள்.

அம்மா வரும் ஏழு ஷாட்டையும் மறுபடி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜன்னல் வெளிச்சத்தில். கட்டில் வாடகை தனி.